கம்பி வலைக்குப் பின்னால் இருக்கும் குரங்குகளைப் படமெடுக்க உதவி தேவை

வண்டலூர் பக்கம் ஒரு விலங்கு மறுவாழ்வு மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். வித்தை காட்டியவர்களிடமிருந்தும் வீடுகளில் சங்கிலி போட்டு வளர்த்தவர்களிடமிருந்தும் மீட்ட நாட்டுக் குரங்குகள் அங்கே இருக்கின்றன. நன்கொடை கேட்க, முகம் தெளிவாகத் தெரியும் படங்கள் வேண்டும்.

சிக்கல் கம்பி வலைதான். என் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸில் ஆட்டோஃபோகஸ் (தானாகக் குவியம் பிடிக்கும் வசதி) குரங்கை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்தால் கம்பி மங்கிவிடும், சரி. ஆனால் அவ்வளவு கிட்டே போனால் குரங்கு கை நீட்டி கேமராவைப் பிடுங்கும். உற்றுப் பார்ப்பதையே மிரட்டலாக எடுத்துக்கொள்ளும் விலங்கு. மனிதர்களிடம் அடிபட்டு வந்தவற்றை மறுபடி பயமுறுத்த மனமில்லை; அதனால் ஃபிளாஷும் வேண்டாம்.

தள்ளி நின்றே எடுக்க வழி உண்டா? சென்னையில் 70-200 எஃப் 2.8 லென்ஸ் (துளை இன்னும் அகலமாகத் திறக்கும் ஜூம்) நாள் வாடகைக்கு எங்கே கிடைக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.