கல்லமேட்டு ஆமைக்குத் தனிப் பேரினம் தேவையா?

செம்பாறை:
அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ஒரு மண்டையோட்டுக்கு காஃப்னி, சாட்டர்ஜி, ருத்ரா மூவரும் 2001இல் கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கிக்கொள்ளும் ஆமை அது. டைனோசர் காலத்தின் கடைசியில் வாழ்ந்தது. அப்புறம் 2003இல் மும்பையிலிருந்து சங்குச்செமிஸ், 2009இல் மடகாஸ்கரிலிருந்து கின்கோனிகெலிஸ், 2020இல் மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவிலிருந்து ஜைனெமிஸ். நான்கும் நெருங்கிய உறவு. ஆனால் நான்கும் தனித்தனிப் பேரினம் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் பிரிவு, அறிவியல் பெயரின் முதல் பகுதி), ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் இனம். ஒரே அடுப்பில் சமைக்கும் நான்கு பேருக்கு நான்கு ரேஷன் கார்டு எதற்கு? இன்று தென் அமெரிக்காவில் வாழும் போடோக்னெமிஸ் என்ற ஒரே பேரினத்தில் ஆறு இனங்கள் இருக்கின்றன. இவற்றையும் அப்படி ஒன்றாக்கிவிடலாம். நான்கில் மூத்த பெயர் என்பதால் கூர்மாடெமிஸ்தான் நிலைக்கும். நம் ஊர் ஆமைக்கும் பெருமை.

நண்டுக்கல்:
பெருமைக்காகப் பேரினத்தைப் பெரிதாக்கக் கூடாது. நீங்கள் போடோக்னெமிஸைச் சொன்னீர்கள். அதே குடும்பத்தில், மடகாஸ்கரில் வாழும் எரிம்னோகெலிஸில் ஒரே இனம்தான். அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை.

இந்த வேலையில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையில் கிடைத்த இன்னொரு பழைய ஆமையே சாட்சி, சங்குச்செமிஸ் அல்ல. 1852இல் கார்ட்டர் என்பவர் அதை டெஸ்டுடோ என்ற பேரினத்தில் சேர்த்தார். டெஸ்டுடோ என்றால் நில ஆமை! பிறகு ஹைட்ராஸ்பிஸ் என்ற வேறு பேரினத்துக்குப் போனது. அதுவும் தவறு என்று 1953இல் வில்லியம்ஸ் காட்டினார், கார்ட்டெரெமிஸ் என்ற புதுப் பேரினம் பிறந்தது. அத்தோடு விட்டார்களா? பிஸ்துரா ஆமையையும் அதே பெட்டியில் போட்டார்கள். ஜாய்ஸும் பந்தோபாத்யாயும் 2020இல் அதை வெளியே எடுத்துத்தான் ஜைனெமிஸ் என்றார்கள். வெளியே எடுத்ததைத் திரும்ப வேறொரு பெட்டிக்குள் தள்ளச் சொல்கிறீர்கள்.

இன்னொன்று, மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்து ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கல்லமேட்டுப் பாறையின் வயது சுமார் 7 கோடி. இடையில் கிடக்கும் காலத்தைப் பாருங்கள்.

செம்பாறை:
காலத்தை வைத்துப் பேரினம் பிரிக்கும் விதி எங்கும் கிடையாது. ஒரே கிளையிலிருந்து வந்தவையா என்பதே கேள்வி. இவை அப்படி வந்தவைதான்.

ஓடைக்கரை:
நான் அரியலூர்க்காரி. நீங்கள் இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். பேரினம் எதுவாக மாறினாலும் கல்லமேடென்சிஸ் என்ற பின்பெயர் கூடவே வரும். கூர்மம் திருமாலின் அவதாரம், அந்தப் பெயர் எனக்கும் பிடிக்கும். ஆனால் எங்கள் ஊர் நிற்பது பின்பெயரில்.

பெயரைவிட எலும்பு முக்கியம். அதே கல்லமேட்டுப் பாறையிலிருந்துதான் புருஹத்காயோசாரஸ் என்ற மாபெரும் டைனோசரும் வந்தது. அந்த எலும்புகள் உதிர்ந்தே போய்விட்டன, மிஞ்சியது விவரிப்பும் படங்களும்தான். இன்று வரை அதன் அளவைப் பற்றிச் சண்டை. ஆமைக்காவது கையில் மண்டையோடு இருக்கிறது. இந்தியாவில் இன்று பக்கக்கழுத்து ஆமை ஒன்றுகூட உயிரோடு இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியும் இல்லை.

நண்டுக்கல்:
சரியாகச் சொன்னீர்கள், அக்கா. செம்பாறை, மூத்த பெயருக்கே முன்னுரிமை என்றீர்களே, அதையும் கடைசிவரை யோசியுங்கள். கார்ட்டரின் மும்பை ஆமையும் இதே கூட்டம் என்று நாளை தெரியவந்தால், உங்கள் பெரிய பேரினத்தில் 1953இன் பெயர்தான் மூத்தது. அப்போது எல்லாமே கார்ட்டெரெமிஸ். கூர்மாடெமிஸ் காணாமல் போகும்.

செம்பாறை:
இதை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். மடகாஸ்கர் ஆமையையும் விட்டுவிடுகிறேன். ஆனால் கல்லமேடும் பிஸ்துராவும் ஒரே நிலப்பரப்பு, ஏறக்குறைய ஒரே காலம். அந்த இரண்டு மண்டையோடுகளில் எந்த எலும்பு வேறுபடுகிறது, அந்த வேறுபாடு பேரின அளவுக்குப் பெரியதுதானா? இதற்குப் பதில் வரும்வரை நான் என் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

நண்டுக்கல்:
நியாயமான கேள்வி. காதுப் பகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம், இந்த நான்கு ஆமைகளின் குடும்பத்தைப் பிரிப்பதில் பாதி வழக்கு அங்கேதான். இரண்டு விவரிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு எழுதுகிறேன்.