சங்கிலியை அங்ஸ்ட்ரோமாக மாற்ற எந்த அடி?

வணக்கம், திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். அப்பப்பாவின் 1934ஆம் ஆண்டுக் காணி உறுதியில் தெற்கு எல்லை 3 சங்கிலி 40 லிங்க் (பழைய நில அளவை அலகுகள்; 100 லிங்க் ஒரு சங்கிலி). மடிப்பில் கிழிந்ததால் அந்த 40ஐப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் வாசித்தேன். உயர்தரம் படிக்கும் மகளுக்கு அது அங்ஸ்ட்ரோமில் வேண்டுமாம்!

ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.1168 மீற்றர். மீற்றருக்கு ஆயிரம் கோடி அங்ஸ்ட்ரோம். பெருக்கினால் எல்லை 68,397 கோடியே 12 இலட்சம். சரி.

ஆனால் அடி 0.3048 மீற்றர் என்று முடிவானது 1959இல். பழைய பிரித்தானிய அடி ஒரு துளி குட்டை. அங்ஸ்ட்ரோமில் அது இலட்சக்கணக்கில் இடிக்கிறது. எந்த அடியை எடுப்பது? நில அளவை, பௌதிகவியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திருமலை வெயிலில் காணி அளக்கும் உருக்குச் சங்கிலி ஒரு பாகை சூடேறினாலே அதைவிட நீளுமே, அதையும் கணக்கில் சேர்ப்பதா?