கன்னத்துச் சதை அளவு மட்டும் ஏன் ஒத்துவர மாட்டேங்குது?

சோகநாசினி:
வணக்கமுங்க. மண்டையோட்டிலிருந்து முகத்தை உருவாக்குற வேலைக்குச் சதைத் தடிமன் அட்டவணை ஒன்னு தயாராகிட்டு இருக்கு. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி எல்லைப் பக்கத்து ஆளுங்களுக்கானது. சைனஸுக்கும் தலைவலிக்கும்னு ஏற்கெனவே எடுத்து வச்ச 60 சி.டி. ஸ்கேன்தான் மூலம். இரண்டு பேர் தனித்தனியா அளக்குறோம். புருவமத்தி, மூக்கு வேர், மூக்கெலும்பு முனை மூணுலயும் அரை மி.மீ.க்குள்ள ஒத்துப்போகுது. மேல் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு மேல உள்ள கன்னப் புள்ளியில மட்டும் 3, 4 மி.மீ. உதைக்குது. மெஷின் கொடுத்த ஆக்சியல் ஸ்லைஸ்லயே (தலையைக் குறுக்கா வெட்டின படம்) கோடு போட்டு அளக்குறோம். அல்ட்ராசவுண்டுக்கு மாறிடலாமா? 10 மெகாஹெர்ட்ஸ் லீனியர் ப்ரோப் (தோல் மேல பிடிக்குற முனை) கைவசம் இருக்கு. இன்னொன்னு, தமிழ் பேசுறவங்க, மலையாளம் பேசுறவங்கன்னு அட்டவணையை இரண்டாப் பிரிக்கணுமா?

எலும்புக்கோடு:
ஸ்கேன் மேல தப்பில்லீங்க, கோடு சாயுது. எலும்புக்குச் செங்குத்தா 25 மி.மீ. இருக்குற இடத்துல கோடு 15 டிகிரி சாய்ஞ்சா 25.9 காட்டும். 30 டிகிரி சாய்ஞ்சா 28.9. அதே 30 டிகிரி புருவமத்தியில சாய்ஞ்சாலும் 5.5 இருந்தது 6.4 ஆகும், அவ்வளவுதான். தோலும் எலும்பும் இணையா இருக்குன்னு வச்சுப் போட்ட கணக்கு இது. கன்னத்துல அப்படி இருக்கவே இருக்காது, அதனால நிஜத்துல இன்னும் மோசம்.

மெஷின் தர்ற ஆக்சியல், அந்த ஆள் தலையை எப்படிச் சாய்ச்சுப் படுத்தாரோ அப்படி வெட்டினது. முதல்ல எம்.பி.ஆர்.ல (ஸ்கேனை வேணுங்கிற தளத்துல மறுபடி வெட்டிப் பார்க்குற வசதி) தலையை நேராக்குங்க. இரண்டு காதுத் துவாரத்தோட மேல் விளிம்பும் இடது கண்குழியோட அடி விளிம்பும் ஒரே தளத்துல வரணும். ஃபிராங்க்ஃபர்ட் தளம்ங்கிறது அதுதான். அப்புறம் புள்ளியைத் தோல் மேல வைக்காம எலும்பு மேல வைங்க. அங்கிருந்து கோட்டை வெளியே இழுக்கும்போது ஆக்சியல்ல செங்குத்தாத் தெரிஞ்சா மட்டும் போதாது, கரோனல்லயும் (முன்பக்கத்திலிருந்து பார்க்குற வெட்டு) செங்குத்தா நிக்கணும். நீங்க கோட்டை விட்டது அங்கதான்.

விண்டோவை, அதாவது எந்த அடர்த்தி கறுப்பு, எது வெள்ளைன்னு திரையில வைக்குற அமைப்பை, இரண்டு பேரும் ஒரே மாதிரி வச்சீங்களா? சதை பார்க்குற 400/40ல (அகலம் 400, நடு 40) 240 எச்.யு.க்கு (சி.டி.யோட அடர்த்தி அலகு) மேல இருக்குறதெல்லாம் வெள்ளை. ஓரத்துல பாதி எலும்பும் பாதி சதையுமா இருக்குற வாக்ஸல்கூட (ஸ்கேனோட மிகச் சின்னக் கட்டம்) முழு எலும்பாத் தெரியும். எலும்பு உப்பும், சதை மெலியும். 2000/500ல பூட்டி வைங்க, தோலோட ஓரமும் அதுலயே தெரியும்.

அளக்குறதுக்கு முன்னாடி நல்லாச் சலிக்கணும். ஸ்லைஸ் 1 மி.மீ.க்கு மேலன்னா வேண்டாம். நெத்தியில பட்டி கட்டி எடுத்திருந்தா புருவமத்தி அளவு பொய். பல் அடைச்ச உலோகம் கதிர் கதிராக் கீறியிருந்தாலோ, அந்தக் கடைவாய்ப்பல்லே இல்லாம எலும்பு தேய்ஞ்சிருந்தாலோ கன்னப் புள்ளியை விட்டுடுங்க. பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல கறுப்பாக் காத்து நிக்குதான்னும் பாருங்க. அந்தக் காத்தையும் சேர்த்துச் சதைன்னு அளந்தா 2 மி.மீ. சும்மா ஏறிடும். சைனஸ் ஸ்கேன் பல சமயம் தாடை அடி வரைக்கும் வராது. வராத புள்ளி காலியாவே இருக்கட்டும்.

ஜெல்பாட்டில்:
அல்ட்ராசவுண்டுல ஒரு லாபம், ஆளை உட்கார வச்சு அளக்கலாம். சி.டி.ல மல்லாந்து படுக்கும்போது கன்னம் காதுப் பக்கம் வழிஞ்சுடும். 1895ல உடற்கூறியல் நிபுணர் வில்ஹெல்ம் ஹிஸ், இசைமேதை பாஹோட மண்டையோட்டுக்காகப் பிணத்துல ஊசி குத்தி, ரப்பர் வட்டு எவ்வளவு நகருதுன்னு அளந்தாரு. அதுவும் படுத்த உடம்புதான்.

தொல்லை கையழுத்தம். ப்ரோப் தோலைத் தொடவே கூடாது, ஜெல்லைத்தான் தொடணும். ஜெல்லைத் தாராளமாக் குவிச்சு, திரையில மேலே 3 முதல் 5 மி.மீ. கறுப்புப் பட்டை தெரியுற மாதிரி பிடிங்க. அந்தப் பட்டை ஒரு பக்கம் காணாமப் போச்சுன்னா அங்க அழுத்துறீங்கன்னு அர்த்தம். ப்ரோப்பை மெல்ல ஆட்டுனா எலும்புக்கோடு ஒரு கோணத்துல பளிச்சுன்னு வெளுக்கும், அப்பதான் நேரா நிக்குது. அங்க ஃப்ரீஸ் பண்ணி, தோலோட வெளி ஓரத்திலிருந்து வெள்ளைக் கோட்டோட மேல் ஓரம் வரை அளங்க, கோட்டு நடுவுக்குப் போகாதீங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் ப்ரோப்பை எடுத்துட்டு மறுபடி வச்சு மூணு தடவை.

நம்ம பக்கம் மீசை பெரிய இடைஞ்சல். முடிக்குள்ள காத்துக் குமிழ் சிக்கி, மேலுதட்டுல அடியில எல்லாம் இருட்டாகிடும். முதல்ல ஜெல்லை விரலால மீசைக்குள்ள தேய்ச்சு விடுங்க. வெத்தலை, புகையிலை அடக்கியிருந்தா வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்க. வாயில காத்து இருந்தா கன்னத்தோட உள்தோலே வெள்ளைக் கோடாத் தெரிஞ்சு எலும்புன்னு ஏமாத்தும். எலும்புக்குப் பின்னாடி நிழல் சுத்தக் கறுப்பு, காத்துக்குப் பின்னாடி அழுக்குச் சாம்பல். எச்சிலை விழுங்கிட்டு, பல்லை லேசாச் சேர்த்து, உதட்டைத் தளர விடச் சொல்லுங்க.

செக்போஸ்ட்:
மாறுறதுக்கு முன்னாடி சட்டத்தையும் பாருங்க. கருவோட பாலினம் அறியறதைத் தடுக்குற 1994ஆம் வருடச் சட்டத்துல எல்லா அல்ட்ராசவுண்ட் மெஷினும் வரும், பதிவு செஞ்ச இடத்தை விட்டு இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. நாங்க முகத்தைத்தான் பார்க்குறோம்னா எடுபடாது. எல்லையில இருக்குற கோபாலபுரம் தாண்டி ஊர் ஊரா முகாம் போடுற எண்ணம் இருந்தா விட்டுட்டு, ஆளை மெஷின்கிட்ட வரவழைங்க.

பழைய ஸ்கேனுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேணும். பேரை அழிச்சா மட்டும் அடையாளம் போயிடாது. தலை ஸ்கேனை 3டி ஆக்கினா தெரிஞ்சவங்க பார்த்தவுடனே ஆளைச் சொல்லிடுவாங்க. உங்க ஆராய்ச்சியே அதைப் பத்தித்தானே! அந்தப் படங்களை இங்க போட்டுடாதீங்க.

மொழி சதையில ஒட்டாதுங்க. கொழிஞ்சாம்பாறையில ஒரே வீட்டுக்குள்ள இரண்டும் பேசுவாங்க. 2008ல ஸ்டீஃபன், சிம்ப்சன்னு இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பெரியவங்களுக்கான பழைய அட்டவணைகளை ஒண்ணாச் சேர்த்தே கணக்குப் பார்த்தாங்க. குழுவுக்குக் குழு உள்ள வித்தியாசத்தை அளக்குற பிழையே மூடிடுதுங்கிறது அவங்க வாதம். அதைவிட முக்கியம் எடை. கன்னமும் தாடைக் கோணமும் உடல் எடையோட சேர்ந்து ஏறி இறங்கும். உயரம், எடை குறிக்காத பழைய ஸ்கேனை வச்சு அட்டவணை போட்டா, அதுல பாதி வேற எதையோ அளந்ததா ஆகிடும். என் பார்வையில உங்க திட்டத்தோட பெரிய ஓட்டை அதுதான், கோணம் இல்ல.

சோகநாசினி:
எடை பாதிப் பேருக்குத்தான் கேஸ் ஷீட்ல இருக்குங்க. பிழையை எப்படி எண்ணாச் சொல்றது? சராசரி வித்தியாசம் கொடுத்தா போதுமா?

எலும்புக்கோடு:
போதாது, கூட்டலும் கழித்தலும் ஒண்ணையொண்ணு தின்னுடும். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு பேர் அளவோட வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டுங்க. ஆள் எண்ணிக்கையோட இரண்டு மடங்கால வகுத்து வர்க்கமூலம் எடுங்க. 10 பேருக்குக் கூட்டுத்தொகை 45 வந்தா, 45ஐ 20ஆல வகுத்து 2.25, பிழை 1.5 மி.மீ. கன்னம் 25னா 6 சதவீதம். மூக்கெலும்பு முனை சராசரி 3 மி.மீ. தான், அங்க அரை மி.மீ. பிழைன்னா 17 சதவீதம். ஒத்துப்போகுதுன்னு நீங்க சொன்ன புள்ளிதான் சதவீதத்துல மோசம். மி.மீ., சதவீதம் இரண்டையும் கொடுங்க. எடை உள்ளவங்களை மட்டும் தனியா அட்டவணை போடுங்க.

களிமண்கை:
அட்டவணையை வாங்கிப் பயன்படுத்துறவங்க பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மண்டையோட்டு அச்சு மேல வினைல் ரப்பரைத் துண்டு வெட்டித்தான் ஒட்டுறோம். பிளேடும் ஸ்கேலும் வச்சு அரை மி.மீ.க்குக் கீழ வெட்ட வராது. 11.37னு போட்டா 11.5 வெட்டுவோம், இரண்டு தசமம் யாருக்கும் உதவாது. குண்டு ஆளுங்க சிலர் சராசரியை மேல இழுத்துடுவாங்க, அதனால இடைநிலை அளவு (வரிசையா அடுக்கினா நடுவுல வர்றது) போடுங்க. அதோட வரிசையில கால், முக்கால் இடத்துல வர்ற அளவையும் சேர்த்தா நல்லது. ரொம்ப வேண்டியது திசை. தாடைக் கோணத்துல எலும்புக்குச் செங்குத்தா அளந்தீங்களா, பக்கவாட்டுல நேரா அளந்தீங்களான்னு சொல்லாத அட்டவணைதான் ஏராளம். துண்டைத் தப்பான திசையில நட்டுட்டா முகமே அகலமாகிடுது. ஒவ்வொரு புள்ளிக்கும் மண்டையோட்டுப் படத்துல ஒரு அம்புக்குறி போட்டுடுங்க.