பாட்டி வீட்டுக் கண்ணாடிக் கிண்ணங்கள் எந்த நாட்டைச் சேர்ந்தவை?

கேள்வி (மயிலாப்பூர் வாசகி):
எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது பரணில் இரண்டு கிண்ணங்கள் கிடைத்தன. ஒன்று, பீங்கான் போல வெண்மையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கிறது. அதில் மயில் தலை போன்ற ஒரு சின்னமும், ஒரு சாய்சதுரக் குறியும் புடைப்பாக உள்ளன. மற்றொன்று முத்திரை ஏதுமில்லாத சர்க்கரைக் கிண்ணம். வெளிச்சத்தில் பிடித்தால் மெல்லிய ஊதா நிறம் தெரிகிறது. தாத்தா இவற்றை மூர் மார்க்கெட்டில் வாங்கினாராம். பழம்பொருள் வியாபாரி ஒருவர் சர்க்கரைக் கிண்ணத்தைப் 'பெல்ஜியத்தில் பட்டை தீட்டியது' என்கிறார். அதை நம்பலாமா?

பதில் 1:
அம்மா, மயில் தலை இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரிலிருந்த சோவர்பி தொழிற்சாலையின் சின்னம்; 1876இல் பதிவு செய்யப்பட்டது. சாய்சதுரம் பிரிட்டிஷ் வடிவமைப்புப் பதிவுக் குறி. 1842 முதல் 1883 வரை இது வழக்கில் இருந்தது. 1884 முதல் அதற்குப் பதிலாக வரிசை எண் வந்தது. சாய்சதுரத்தின் உச்சி வட்டத்திலுள்ள III என்பது கண்ணாடிப் பொருள் வகையைக் குறிக்கும். 1868க்குப் பிந்தைய குறிகளில் வலது மூலை எழுத்தே ஆண்டைச் சொல்லும்: V என்றால் 1876, P என்றால் 1877. ஆனால் அது வடிவமைப்பு பதிவான ஆண்டுதான். அச்சு தேயும்வரை அதே கிண்ணத்தைப் பல ஆண்டுகள் வார்த்திருக்கலாம்.

பதில் 2:
சர்க்கரைக் கிண்ணத்தைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. பட்டை தீட்டிய கண்ணாடியின் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். அச்சில் அழுத்திய கண்ணாடியிலோ அவை மழுங்கியிருக்கும். அச்சின் பாகங்கள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடுகள் ஓடும். உலக்கை போன்ற தண்டு உள்ளே இறங்கி அழுத்துவதால் உட்புறம் வழவழப்பாக இருக்கும். அடுத்து, தராசில் எடை பார்த்துக்கொண்டு, நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி மீண்டும் எடையிடுங்கள். முதல் எடையை, நீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அந்த அளவால் வகுத்தால் சுமார் 2.5 வருவது சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, அதாவது சாதாரணக் கண்ணாடி. 3 அல்லது அதற்கு மேல் வருவது ஈயம் கலந்த ஈயக் கண்ணாடி. அமெரிக்காவில் வீலிங் நகரிலிருந்த ஹாப்ஸ் புரோக்யூனியர் தொழிற்சாலையில் 1864இல் வில்லியம் லெய்ட்டன் மலிவான சோடா-சுண்ணாம்புக் கலவையை உருவாக்கிய பிறகு, அங்கு அழுத்தக் கண்ணாடியில் ஈயத்தின் இடத்தை அதுவே பெரிதும் பிடித்துக்கொண்டது.

மயிலாப்பூர் வாசகி:
நன்றி. வலது மூலையில் P இருக்கிறது. சர்க்கரைக் கிண்ணத்தில் மூன்று கோடுகள் தெரிகின்றன. எடை 412 கிராம். நீரில் 165 கிராம் குறைந்தது.

பதில் 3:
அப்படியானால் விகிதம் ஏறத்தாழ 2.5, அச்சுக் கோடுகளும் இருக்கின்றன. எனவே சர்க்கரைக் கிண்ணம் பட்டை தீட்டியதும் அன்று, ஈயக் கண்ணாடியும் அன்று. ஊதா நிறம் நாட்டைச் சொல்லாது. இரும்பால் வரும் பச்சைச் சாயலை நீக்கச் சேர்த்த மாங்கனீசு, நெடுங்காலம் வெயில் பட்டதால் அப்படி மாறுகிறது. முத்திரை இல்லாததையும் சான்றாகக் கொள்ள முடியாது. பிறந்த நாட்டைப் பொறிக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்தது அமெரிக்காவுக்குப் போன சரக்குக்குத்தான். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய சரக்குக்கு அல்ல. பெல்ஜியத்தில் 1826இல் தொடங்கிய வால் சான் லாம்பெர் தொழிற்சாலையும் அழுத்தக் கண்ணாடி செய்ததால், வியாபாரி சொல்வதில் பெல்ஜியம் என்பது மட்டும் நடக்காத காரியமில்லை; ஆனால் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பெல்ஜியம் கண்ணாடிகள் வந்த காலத்திலிருந்தே, நம் ஊரில் 'பெல்ஜியம்' என்ற சொல் நாட்டைவிடத் தரத்தைக் குறிக்கும் புகழ்ச்சியாகவே வழங்கி வருகிறது. கறுப்புத் துணிமேல் வைத்து, பக்கவாட்டு ஒளியில் பூவேலைப்பாட்டையும் அடிப்பாகத்தையும் படமெடுத்து இங்கே இடுங்கள். பழைய தொழிற்சாலை விலைப்பட்டியல்களிலுள்ள வரைபடங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்போம்.