இந்த சீசன் ரேங்க்கில் நான் பட்டது: ஜாய், சிப், எஸ்டஸ்

மொபைல் லெஜண்ட்ஸ் ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் செல்போன் கேம், ஆட்டத்துக்கு முன் சில ஹீரோக்களை யாரும் எடுக்க முடியாதபடி தடை செய்யலாம். அதில் பாய்ந்து பாய்ந்து அடிக்கும் ஜாயைத் தடை செய்யாமல் விட்ட மூன்று ஆட்டத்திலும் தோற்றோம். மூன்றிலும் தோற்ற விதம் ஒன்றுதான். மித்திக் என்ற உயர்ந்த ரேங்க்கில் ஒரு பக்கத்துக்கு 5 என்று 10 ஹீரோக்கள் தடையில் போன பிறகும் ஜாய் மிச்சம் இருந்தாள், எதிரணி அவளைத் தூக்கிக்கொண்டது, நாங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரவருக்குப் பழகிய ஹீரோவை எடுத்தோம். நான் நடு லேனில் வெக்ஸானா என்ற மந்திர ஹீரோ. குறிபார்த்து எறிந்த ஸ்கில் ஒன்றுகூட அவள்மீது விழவில்லை, ஏனென்றால் விழும்போது அவள் அங்கே இல்லை. மினியன் என்ற சிறு படைவீரர் கூட்டத்தில் ஒரு பாய்ச்சல், அது பட்டதும் அடுத்தது, அப்புறம் அடுத்தது, தாளம் தப்பாமல் அழுத்தத் தெரிந்தவர் கையில் கடைசியில் அல்டி என்ற பெரிய ஸ்கில்லும் திறந்துவிடுகிறது. எங்கள் மார்க்ஸ்மேன் (தூரத்திலிருந்து அடிப்பவர்) எங்களைக் காக்கும் டவருக்கு அடியில் நின்றே செத்தார்.

அடித்த அடி அதிகம் என்று அன்றைக்குக் கோபப்பட்டேன். ரீப்ளே போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது, விஷயம் அடியில் இல்லை. குறி பார்க்கும் வாய்ப்பையே அவள் நம்மிடமிருந்து பறித்துவிடுகிறாள். நாலாவது தடவை ஜாய் வந்தபோது எங்கள் எக்ஸ்பி லேன்காரர் (ஓரப் பாதை ஒன்றில் ஆடுபவர்), முன்பின் தெரியாதவர், ஒரு வார்த்தை பேசாமல் ஃபோவியஸை எடுத்தார். பக்கத்தில் எதிரி பாய்ந்தாலே அவர்மேலேயே போய் இறங்குகிற ஹீரோ அது. ஜாய் எத்தனை முறை பாய்ந்தாளோ அத்தனையும் ஃபோவியஸுக்குத் தீனி. 8 நிமிடத்தில் லார்ட் (கொன்ற அணிக்காகச் சண்டையிடும் பெரிய மான்ஸ்டர்) வந்தபோது அந்த ஜாய் சண்டைக்குப் பக்கத்திலேயே வரவில்லை, ஓரமாக ஜங்கிளைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவரை நண்பராகச் சேர்த்துக்கொண்டேன், இப்போது வாரத்தில் நாலு நாள் சேர்ந்து ஆடுகிறோம்.

சிப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் ஆச்சரியம். பார்க்கச் சாதுவான டாங்க் (முன்னால் நின்று அடி தாங்கும் ஹீரோ), சண்டையில் அதன் அடி உறைக்காது, ஸ்கோர் போர்டில் கில் எண்ணிக்கையும் சொல்லும்படி இருக்காது. ஆனால் இந்த சீசனில் நான் மிகவும் நொந்துபோன தோல்வி அதனால்தான். இரண்டு பேரைக் கொன்றுவிட்டோம், மூன்று பேர் தூரத்தில் டாப் லேனில் தெரிகிறார்கள், சரி, நிம்மதியாக லார்ட் அடிக்கலாம் என்று ஐந்து பேரும் உள்ளே இறங்கினோம். லார்டின் உயிர் பாதிகூடக் குறையவில்லை, சிப் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து இறங்கி வாசலைத் திறந்தது. அதன் கூட்டாளிகள் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு வாசல், அவர்கள் உயிர்த்தெழும் பேஸிலும் ஒன்று. டாப்பில் இருந்தவர்கள் வந்தார்கள், செத்து அப்போதுதான் உயிர்த்தவர்களும் பேஸிலிருந்து நேராக வந்து நின்றார்கள். லார்டும் போச்சு, நாங்களும் போனோம், அடுத்த நிமிடம் எங்கள் பேஸும் போனது. மேப்பைப் பார்த்து முடிவெடுத்தவனுக்கு மேப்பே பொய் சொன்ன மாதிரி இருந்தது. அதிலிருந்து சிப் எதிரே இருந்தால் அதன் அல்டி எப்போது போனது என்று மனதில் குறித்துக்கொண்டு, அது போன பிறகுதான் லார்டைத் தொடுகிறேன். சண்டை ஆரம்பிக்கும் முன்னாலேயே சிப்பைத் தேடிப்போய் அடிப்பதும் பலன் தருகிறது, ஆனால் அதற்கு ஐந்து பேரும் ஒத்துழைக்க வேண்டும், நண்பர்கள் இல்லாமல் தனியாக க்யூ போட்டு ஆட்டம் தேடுகிறவனுக்கு அது எப்போதும் அமைவதில்லை.

வான்வான் என்ற மார்க்ஸ்மேனை எல்லாரும் அறிவார்கள். நம்மீது தெரியும் நாலு பலவீனப் புள்ளியையும் அவளை உடைக்கவிட்டால் முடிந்தது கதை. அவள் அல்டியைத் தொடங்கும் நேரத்தில் விண்ட் ஆஃப் நேச்சர் என்ற தற்காப்புப் பொருளை அழுத்தினால் போதும், பிழைக்கலாம். இரண்டு முறை பிழைத்தேன்.

கூட்டாளிகளைக் குணப்படுத்தும் எஸ்டஸ் வேறு மாதிரி. ஒருத்தனைச் சாகும் தருவாய்க்குக் கொண்டுவருகிறோம், நிலவொளி மாதிரி அந்த அல்டி விழுகிறது, ஐந்து பேருக்கும் உயிர் ஏறிக்கொண்டே போகிறது, நம் ஸ்கில்களெல்லாம் தீர்ந்து கைவிரித்து நிற்கிறோம். என் ஆட்டத்தில் எதிரணி டாங்க்கை ஒரே சண்டையில் மூன்று தடவை "கொன்றோம்", ஒரு தடவைகூட அவர் சாகவில்லை. அப்போது நான் ரோமர், சுற்றிவந்து எல்லாருக்கும் உதவுபவன். எதிரிகள் குணமாவதைக் குறைக்கும் டோமினன்ஸ் ஐஸ் என்ற பொருளை வாங்கினேன், கோல்ட் லேன்காரரிடம் (இன்னொரு பாதையில் ஆடுபவர்) அதே வேலை செய்யும் ஸீ ஹால்பர்ட் வாங்குங்கள் என்று சாட்டில் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவர் டேமேஜ் பொருளாகவே அடுக்கினார், கடைசிவரை வாங்கவில்லை. அவர் கெட்ட ஆட்டக்காரர் இல்லை, லேனில் அருமையாக ஜெயித்தவர். தன் அடி போதும் என்று நம்பினார், அவ்வளவுதான். 20 நிமிடம் தாண்டி இழுத்துத் தோற்றோம். அடுத்த நாள் அதே எஸ்டஸ் எதிரே வந்தபோது நான் பாக்ஸியா என்ற டாங்க்கை எடுத்தேன், அதன் பாஸிவ் (தானாக வேலை செய்யும் ஸ்கில்) எதிரிகளின் குணமாகுதலைக் குறைத்துவிடும், அதோடு டோமினன்ஸ் ஐஸையும் சீக்கிரமே கட்டினேன், இந்தத் தடவை யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. எஸ்டஸ் குணப்படுத்திக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஆட்கள் செத்தார்கள்.

நெர்ஃப் (ஹீரோவின் பலத்தைக் குறைக்கும் மாற்றம்) வரட்டும், வர வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஜாய் கைதேர்ந்தவரிடம் போனால் எதிரே நிற்பவருக்கு ஆட்டமே இல்லாமல் போகிறது. அதுவரை தடைப் பட்டியலில் என் முதல் ஓட்டு ஜாய்க்கு, இரண்டாவது சிப்புக்கு. எஸ்டஸை விட்டுவிடுகிறேன், என் பாக்ஸியா இருக்கிறது. நீங்கள் யாரிடம் சிக்கினீர்கள், எந்த ஹீரோவை வைத்து மீண்டீர்கள் என்று விவரமாக எழுதுங்கள், குறிப்பாக சிப்பைத் தனி க்யூவில் சமாளித்தவர்கள் இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள், எனக்கு இன்னும் அது பிடிபடவில்லை.