சிஆர் எக்ஸ்ரேயில் ரிடேக் அதிகம், புதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

மார்த்தாண்டம்_டெக்:
சின்ன ஸ்கேன் சென்டர், சிஆர் சிஸ்டம் (ஃபிலிமுக்குப் பதில் பிளேட்டில் பதித்து கம்ப்யூட்டரில் படம் பார்ப்பது). டிப்ளமோ முடித்த கையோடு ரெண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் சாதாரண செஸ்ட் பிஏ-வையே (முதுகுப் பக்கமிருந்து கதிர் விட்டு எடுக்கும் நெஞ்சுப் படம்) திரும்ப எடுக்கிறார்கள். முதலாளியிடம் சொன்னால் "ஃபிலிமா வீணாகுது, விடுங்க" என்கிறார். நோயாளி மேல் படுகிற கதிர் யார் கணக்கில்? தனியாக கிளாஸ் எடுக்க நேரம் இல்லை. மெஷினிலேயே கோளாறா என்றும் ஒரு சந்தேகம்.

தக்கலை_சீனியர்:
தம்பி, முதல்ல தப்பான படத்தை அழிக்கிற டிலீட் பட்டனில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்க. ஒரு நோட்டு போட்டு எந்த வியூ, ஏன் திரும்ப எடுத்தோம் என்று மட்டும் எழுதட்டும், ஆள் பெயர் வேண்டாம், பெயர் வந்தால் மறுநாளே மறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டினால் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தானாகத் தெரியும். எங்கள் இடத்தில் அப்படித்தான் செபமாலைக் குருசு மாட்டியது. குளச்சல், முட்டம் பக்கமிருந்து வருகிறவர்களிடம் "செயினைக் கழற்றுங்க" என்றால் செயினை மட்டும்தான் கழற்றுவார்கள், செபமாலையை யாரும் நகைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இப்போது "கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது" என்று கேட்கிறோம், தீர்ந்தது. அப்புறம் ஒவ்வொரு செஸ்டிலும் பின்பக்க விலா எலும்பை எண்ணச் சொல்லுங்க. பத்து தெரிந்தால் மூச்சு சரியாகப் பிடித்திருக்கிறார்.

நாகர்கோவில்_ஆர்எஸ்ஓ:
ரிடேக்காவது கண்ணுக்குத் தெரிகிறது, எனக்குப் பெரிய கவலை தெரியாத தப்புதான். டோஸ் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாக வரும், ரேடியாலஜிஸ்ட் திட்டுவார். கூடினால் சாஃப்ட்வேரே சரிசெய்து அழகாகக் காட்டிவிடும், யாரும் திட்ட மாட்டார்கள், அதனால் பிள்ளைகள் மெல்ல மெல்ல கதிரின் அளவைத் தீர்மானிக்கிற எம்ஏஎஸ்-ஐ ஏற்றிக்கொண்டே போவார்கள். பிளேட்டில் எவ்வளவு கதிர் விழுந்தது என்று சிஸ்டம் காட்டுகிற எக்ஸ்போஷர் எண்ணைப் பார்க்கப் பழக்குங்க. ஃப்யூஜி சிஸ்டத்தில் அந்த எண்ணுக்கு எஸ் எண் என்று பெயர், அது பாதியானால் டோஸ் இரட்டிப்பு. கோடாக்கில் நேர்மாறு, டோஸ் ஏறினால் எண்ணும் ஏறும். வேறு சென்டரிலிருந்து வந்தவர்கள் இங்கேதான் குழம்புவார்கள்.

மெஷின் சந்தேகத்துக்கு எளுப்பமான வழி: கேசட் (பிளேட் இருக்கிற பெட்டி) மேல் லைட் விழும் நாலு ஓரத்திலும் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, 100 செ.மீ. தூரத்தில் ஒரு ஷாட். லைட் ஃபீல்டும் எக்ஸ்ரே ஃபீல்டும் 2 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்க. ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) கேட்கிற, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை செய்யும் க்யூஏ தரச் சோதனை அது பாட்டுக்கு நடக்கட்டும், இடையில் கதிர் விழும் பரப்பைக் கட்டுப்படுத்துகிற கொலிமேட்டர் இடிபட்டால் அந்த சர்ட்டிஃபிகேட்டுக்கு எப்படித் தெரியும்?

மணவாளக்குறிச்சி_காரன்:
ரெண்டு நாளாகத் தொடாத சிஆர் பிளேட்டை அழிக்காமல் பயன்படுத்தாதீங்க, சுற்றுப்புறக் கதிரே அதில் பதிந்து மங்கலாகும். வேலையில் நம் மேல் படுகிற கதிரை அளக்கிற டிஎல்டி பேட்ஜையும் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. எங்க ஊர்க் கடற்கரை மணலில் மோனசைட்டும் அதற்குள் தோரியமும் இருக்கிறது, பேட்ஜ் வேலை நேரத்துக் கதிரோடு இதையும் சேர்த்துக் காட்டினால் அந்த ரிப்போர்ட்டை வைத்து என்ன செய்வீங்க?

மார்த்தாண்டம்_டெக்:
நாணயம் வைத்துப் பார்த்தாச்சு, ஒரு பக்கம் நன்றாகவே விலகியிருக்கிறது. நோட்டு நாளையிலிருந்து. தக்கலை அண்ணே, நீங்க அதில் போட்ட காரணங்களின் பட்டியலைக் கொஞ்சம் இங்கே போட முடியுமா?