சிங்கப்பூர் அவார்டு (நடுவர் தீர்ப்பு) கையில் இருக்கிறது. காரைக்குடியில் பணம் வசூலிக்க எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

செக்காலைக் கணக்கர்:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் இருந்து மரக்கட்டை அனுப்பும் கம்பெனி ஒன்றுக்கு இங்கே கணக்கு பார்க்கிறேன். காரைக்குடியில் சரக்கு வாங்கிய பார்ட்னர்ஷிப் கடை பாக்கியைக் கொடுக்காததால், சிங்கப்பூர் பன்னாட்டு நடுவர் மையத்தில் 2024 மே மாதம் 1,86,000 சிங்கப்பூர் டாலருக்கு அவார்டு வந்தது. கடைக்காரர்கள் அங்கே ஆஜராகவே இல்லை. நடுவர் ஷரத்து இருப்பது புரோபார்மா இன்வாய்ஸில் (சரக்குக்கு முன் அனுப்பும் விலைப்பட்டியல்). அதில் அவர்கள் கையெழுத்து இல்லை. சிவகங்கை மாவட்டக் கோர்ட்டில் நிறைவேற்று மனு போட்டால் போதுமா? கூட்டாளி ஒருவருக்குக் கானாடுகாத்தானில் பெரிய வீட்டில் பங்கு உண்டு. அதை ஜப்தி செய்யலாமா?

மேலூர் வக்கீல்:
ஐயா, சிவகங்கையில் போடாதீர்கள். நடுவர் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு அவார்டுக்கு உயர் நீதிமன்றம்தான். சிவகங்கை மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வருவதால் மனு அங்கே. கீழ்க்கோர்ட்டில் போட்டால் ஆறேழு மாதம் வாய்தாவில் ஓடியபின் மனு திரும்பி வரும். அதற்குள் வங்கிக் கணக்கு காலியாகிவிடும்.

1996 ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தில் 44 முதல் 52 வரையான பிரிவுகளை ஒருமுறை படித்துவிடுங்கள். வெளிநாட்டு அவார்டுகளை ஏற்பதற்கான பன்னாட்டு உடன்பாடான நியூயார்க் ஒப்பந்தத்தில் ஒரு நாடு சேர்ந்திருந்தால் மட்டும் போதாது. அந்த நாட்டை மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 47ஆம் பிரிவின்படி அசல் அவார்டு அல்லது முறையாகச் சான்றிட்ட நகல், நடுவர் ஒப்பந்தத்தின் அசல் அல்லது சான்று நகல், இது வெளிநாட்டு அவார்டுதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அவார்டுக்கு இங்கே முத்திரைத் தீர்வை கட்டத் தேவையில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் ரியோகிளாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அங்கீகாரத்துக்கு ஒன்று, வசூலுக்கு ஒன்று என்று இரண்டு மனுவும் வேண்டாம், ஒரே மனுவில் இரண்டையும் கேட்கலாம்.

கையெழுத்து இல்லாததற்காகப் பயப்பட வேண்டாம். ஒப்பந்தப்படி இரு தரப்பும் நடந்திருந்தால் கையெழுத்து இல்லாமலும் நடுவர் ஷரத்து செல்லும் என்று 2014இல் கோவிந்த் ரப்பர் வழக்கில் தீர்ப்பு உண்டு. சரக்கு இறக்கிய பில், பகுதிப் பணம் வந்த வங்கி வரவு இவற்றைச் சேருங்கள்.

எனக்குக் கவலை தருவது அவர்கள் ஆஜராகாததுதான். அவார்டை நிறைவேற்ற மறுக்கும் காரணங்களைச் சொல்லும் 48ஆம் பிரிவில் எதிராளி முதலில் பிடிப்பது 'எனக்கு நோட்டீஸே வரவில்லை' என்பதைத்தான். நடுவர் நியமனம், விசாரணைத் தேதி, அவார்டு என ஒவ்வொன்றும் எந்த முகவரிக்கு, எந்த மின்னஞ்சலுக்குப் போனது, கூரியர் யார் கையில் கொடுத்தது என்ற தாள்களை இப்போதே வாங்கி வையுங்கள். மின்னஞ்சல்களுக்கு பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். இங்கே கோட்டை விட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் தோற்கலாம். 'நடுவர் கணக்கைத் தப்பாகப் பார்த்தார்' என்ற வாதம் எடுபடாது; வழக்கின் தகுதிக்குள் கோர்ட் போகாது.

காலவரையறை 3 வருடம். தாமதத்தை மன்னிக்கக் கேட்க வழி உண்டு என்று 2020இல் வேதாந்தா வழக்கில் சொன்னார்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். அவார்டு தேதியிலிருந்தே எண்ணி, 2027 மே மாதத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:
வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் எல்லோரும் முதலில் ஓடுவது அங்கேதான். அவார்டு கடையின் பெயரில் என்றால் முதலில் கடைச் சொத்துதான். கூட்டாளியின் சொந்தச் சொத்துக்குப் போக சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 21 விதி 50 பார்க்க வேண்டும். அவர் தனியாக நோட்டீஸ் பெற்று வராமல் இருந்தாரா, தன்னைக் கூட்டாளி என்று ஒப்புக்கொண்டாரா என்று பார்ப்பார்கள். இரண்டும் இல்லாவிட்டால் கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும்; அவர் மறுத்தால் அதற்கே ஒரு விசாரணை.

அதைத் தாண்டினாலும் பங்கு வீடு பெரிய தலைவலி. பாகம் பிரிக்காத பங்கை ஜப்தி செய்யலாம், ஏலமும் போடலாம். ஆனால் ஏலம் எடுத்தவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத்தான் தன் பங்கைப் பிரித்து வாங்க முடியும். சொத்து மாற்றுச் சட்டம் 44ஆம் பிரிவுப்படி வெளியாள் பங்காளிகளோடு சேர்ந்து அந்த வீட்டில் குடியிருக்கவும் முடியாது. பல புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பாத்தியம் உள்ள வீட்டில் முகப்பு யாருக்கு, இரண்டாம் கட்டு யாருக்கு என்று தெரியாமல் யார் ஏலம் கேட்பார்கள்? அடிமாட்டு விலைதான் வரும்.

கடையின் நடப்புக் கணக்கு, கிடங்கில் இருக்கும் மரம், அவர்களுக்கு வெளியிலிருந்து வர வேண்டிய பாக்கி இவற்றைப் பிடியுங்கள். பாக்கிக்கு அதே ஆணை 21இன் விதி 46ஏ; அவர்களுக்குத் தர வேண்டியவரையே கோர்ட்டில் கட்டச் சொல்வது. சொத்து விவரம் தெரியாவிட்டால் விதி 41இல் பிரமாணப் பத்திரம் கேட்கலாம். தராமல் இழுத்தால் 3 மாதம் வரை சிவில் சிறை.

செக்காலைக் கணக்கர்:
நன்றி ஆச்சி, நன்றி ஐயா. மனு போடுவதற்குள் மரத்தை விற்றுவிடுவார்களோ என்று பயம். கம்பெனி டைரக்டரால் வர முடியாது, எனக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) தருவதாகச் சொல்கிறார்கள். ரூபாய்க் கணக்கு எந்தத் தேதி விலையில்?

மேலூர் வக்கீல்:
மரம் போய்விடும் என்று நம்பக் காரணம் இருந்தால் நடுவர் சட்டம் 9ஆம் பிரிவில் இடைக்காலத் தடை கேளுங்கள். வெளிநாட்டில் நடந்த நடுவர் விசாரணைக்கும் 2015 முதல் அது உண்டு. 'விற்கப் போகிறார்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கிடைக்காது. விலைக்கு வந்த விளம்பரம், காலி செய்த கிடங்கின் படம் போல் கையில் ஏதாவது வேண்டும்.

பவர் பத்திரத்தை அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) வாங்கச் சொல்லுங்கள். 2021 முதல் சிங்கப்பூரில் அது கிடைக்கிறது. பத்திரம் இந்தியாவுக்குள் வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டும்போது முழிக்கிறார்கள். கூடவே கம்பெனியின் போர்டு தீர்மானமும் வேண்டும்.

டாலர் விலை: எதிராளியின் ஆட்சேபங்கள் முடிவாகி அவார்டு நிறைவேற்றத்தக்கதாகும் தேதி விலைதான், 2024இல் டிஎல்எஃப் - கோன்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நடுவில் அவர்கள் கோர்ட்டில் பணம் கட்டி, அதை எடுக்க உங்களுக்கு அனுமதி கிடைத்தால், அந்தத் தொகைக்குக் கட்டிய நாள் விலை. அந்த உத்தரவு வந்தால் பணத்தை எடுக்கத் தாமதிக்காதீர்கள்.

மனு ஏற்கப்பட்டால் அவர்களுக்கு 50ஆம் பிரிவில் மேல்முறையீடு இல்லை. டெல்லியில் உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். தள்ளுபடியானால் உங்களுக்கு மேல்முறையீடு உண்டு.